மாத்திரையில் பல்வலி நின்றுவிட்டது, இனி டாக்டர் எதுக்கு?

துவாஸ் ஷிப்ட்காரன் | 3 செப்டம்பர், இரவு 9.15

கீழ்வரிசை, வலது பக்கம் கடைவாய்ப் பல். போன வாரம் முழுக்க ராத்திரி தூக்கம் இல்லை, காது வரைக்கும் இழுத்துச்சு. கிளினிக்ல ஆன்டிபயாட்டிக்கும் பனடாலும் (பாராசிட்டமால்) கொடுத்தாங்க. நேத்திலேருந்து சுத்தமா வலி இல்லை. ஐஸ் தண்ணி குடிச்சாக்கூட கூசலை. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன், அங்கே பார்த்துக்கலாம்னு இருக்கேன். இங்கே சிங்கப்பூர்ல வேர் சிகிச்சைன்னா (ரூட் கெனால், பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் பண்ணி அடைக்கிறது) ஆயிரம் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல சொல்றாங்க. சரியாப் போன பல்லுக்கு எதுக்கு டாக்டர்?

பல் அக்கா | 3 செப்டம்பர், இரவு 10.40

போகணும் தம்பி. தீபாவளி வரை தள்ளாதீங்க.

"ஐஸ் தண்ணி குடிச்சாக்கூட கூசலை" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அந்த வரிதான். ஒரு வாரம் தூங்கவிடாத பல் திடீரென்று குளிரைக்கூட உணரவில்லை என்றால், உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒயர் எரிந்துபோனால் காலிங் பெல் அடிக்காது, அதற்காக வாசலில் யாரும் இல்லை என்று அர்த்தமா?

நான் டாக்டர் இல்லை. வட்டாரப் பல் மருந்தகம் (கிளினிக்) ஒன்றில் பல வருடம் அசிஸ்டென்டாக நின்றவள். உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நாளைக்கு விவரமாகச் சொல்கிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

பல் அக்கா | 4 செப்டம்பர், காலை 7.20

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லுக்கு வெளியே எனாமல் என்ற கெட்டி ஓடு, அதற்குள் டென்டைன் என்ற இன்னொரு கெட்டிப் படலம், நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையிலும் வேர்க்குழாய்களிலும் இருக்கும் சதைதான் பல்கூழ். டாக்டர்கள் பல்ப் என்பார்கள். ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் வேர்நுனியில் இருக்கும் ஊசிமுனை அளவு துளை வழியாகத்தான் உள்ளே போய் வருகின்றன. விரலில் முள் குத்தினால் விரல் வீங்க இடம் இருக்கிறது. பல்கூழ் வீங்க இடமே கிடையாது, சுற்றிலும் கெட்டிச் சுவர். அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் தடுமாறும், நரம்பு கத்தும். ராத்திரி படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் இன்னும் மோசமாகும். தூக்கம் கெட்டதற்குக் காரணம் இதுதான்.

இதில் டாக்டர் முதலில் பார்ப்பது, பல்கூழ் தேறுமா தேறாதா என்பதை. குளிர்ச்சியோ இனிப்போ பட்டவுடன் சுருக்கென்று வலித்து, அதை எடுத்த சில விநாடிகளில் அடங்கினால் தேறும் ரகம். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குளிர்ச்சி போன பிறகும் வலி நிமிடக்கணக்கில் நீடித்தால், ஒன்றும் செய்யாமலே தானாக வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், சூடு பட்டால் துடித்தால் அது தேறாத ரகம்.

எங்கள் மருந்தகத்துக்குச் சிலர் கையில் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். ஒரு வாய் குடித்து அந்தப் பக்கமே ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள், வெதுவெதுப்பானதும் முகம் கோணும், அடுத்த வாய். டாக்டர் அவர்களை வாசலில் பார்த்ததுமே எனக்குக் கண் காட்டுவார், நான் வேர் சிகிச்சைத் தட்டை எடுத்து வைப்பேன். சூடு ஏறினால் வலி, குளிர்ந்தால் கொஞ்சம் நிம்மதி என்பது முற்றிய நிலையின் அடையாளம்.

இறங்கும் இடம் வந்துவிட்டது.

பல் அக்கா | 4 செப்டம்பர், பிற்பகல் 1.05

ஆன்டிபயாட்டிக்கால்தானே வலி நின்றது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மாத்திரை ரத்தத்தோடுதான் போக வேண்டும். அழற்சியில் ரத்த ஓட்டமே தடைப்பட்ட, அல்லது ஏற்கெனவே செத்துவிட்ட பல்கூழுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, வீக்கம் காய்ச்சல் இல்லாத இந்த வகை வலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, தொற்று பரவும்போது அதற்கு வேலை இருக்கிறது. அப்போதும் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் போட்டால் திரும்ப வரும்.

மாத்திரை போட்ட நேரமும் நரம்பு செத்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது, பேர் மாத்திரைக்குப் போய்விட்டது.

பல் அக்கா | 4 செப்டம்பர், இரவு 11.30

கிராம்புத் தைலம் பல்வலிக்குக் கேட்கும் என்று ஈசூனிலிருந்து ஐயா ஒருவர் எழுதியதற்கு: கிராம்பில் இருக்கும் யூஜெனால் உண்மையிலேயே மரத்துப்போக வைக்கும். பல் மருந்தகத்தில் தற்காலிக அடைப்புக்குக் கலக்கும் பொருளிலும் அது உண்டு, அந்த வாசனை இன்னும் என் பழைய சட்டைகளில் இருக்கிறது. ஒரு ராத்திரியைத் தள்ள உதவும். பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழிக்குள் வைக்கலாம், ஈறில் ஊற்றினால் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அது பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தைச் சுடும், உள்பக்கம் வெள்ளையாக உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலி மாத்திரையில் இபுபுரூஃபனும் பனடாலும் சேர்ந்தால் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும், தனித்தனியாகப் போடுவதைவிட. ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் இபுபுரூஃபன் தொடக்கூடாது. இன்னொன்று, நம் ஊரில் டெங்கி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கி இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து. சளி மாத்திரை பலவற்றிலும் பனடாலில் இருக்கும் அதே பாராசிட்டமால் உண்டு, இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவைத் தாண்டிவிடாதீர்கள்.

தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்து நிமிர்ந்து படுங்கள். அற்பமாகத் தோன்றும், பலன் உண்டு.

பல் அக்கா | 6 செப்டம்பர், காலை 8.10

யாரோ கண்டங்கத்திரி விதைப் புகையைப் போட்டுப் பல் பூச்சியை விழவைத்த கதையை எழுதியிருக்கிறார்கள். என் பாட்டியும் சொல்வாள். பல்லுக்குள் புழு கிடையாது, பாக்டீரியாதான். 1965இல் காகெஹாஷி என்பவரும் கூட்டாளிகளும் எலிகளின் பல்லைத் துளைத்துப் பல்கூழை வெளியே தெரியும்படி விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு, துளையில் உணவுத் துணுக்கு அடைத்திருந்தும், துளைக்கு மேலே புதிதாக டென்டைன் வளர்ந்து மூடிக்கொண்டது! பல்கூழுக்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி இருக்கிறது, கிருமிதான் விடுவதில்லை.

கதை எழுதியவரே, புகைக்கு முன்னால் உங்கள் வீட்டுத் தீ அலாரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பல் அக்கா | 7 செப்டம்பர், இரவு 9.50

"எந்தப் பல் என்றே தெரியவில்லை, மேலா கீழா என்று குழப்பம்" என்று பொங்கோலிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல்கூழில் இருக்கும் நரம்புக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியும், எங்கே என்று சொல்லத் தெரியாது. அழற்சி வேர்நுனியைத் தாண்டி எலும்போடு பல்லைப் பிணைத்திருக்கும் நாருக்கு வந்த பிறகுதான் கடித்தால், தட்டினால் "இதுதான்" என்று விரல் வைக்க முடியும். அதுவரை கீழ்ப்பல் வலி காதில் தெரியும், மேல்பல்லில் தெரியும். வலப்பக்க வலி இடப்பக்கம் தாவுவது மட்டும் அநேகமாக இல்லை.

எனக்கே வந்ததைச் சொல்கிறேன். தீபாவளி முறுக்கு, அக்கா வீட்டில் சுட்டது, கல் மாதிரி. சொத்தையே இல்லாத பல்லில் விரிசல். கடிக்கும்போது வலிக்காது, கடித்ததை விடும்போது சுளீர் என்று ஒரு வெட்டு. விரிசல் பல்லுக்கு அது அடையாளம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நான் காது வலி என்று காது டாக்டரைப் பார்க்கப் போனவள், பல் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே! அவர் காதை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தம், பல்லைப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து மருந்தகத்தில் என்னைக் கிண்டலடிக்காத ஆள் இல்லை.

குளிர்ச்சோதனையை மறுபக்கத்திலிருந்து அனுபவித்தது அப்போதுதான். பல்லைக் காற்றடித்துக் காயவைத்து, பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்ப்ரே அடிப்பார்கள், பஞ்சு உறைந்து வெண்ணிறமாகப் பூக்கும். முதலில் நல்ல பல்லில் வைப்பார்கள், அதுதான் ஒப்பீடு. பட்டதும் கையைத் தூக்க வேண்டும், அடங்கியதும் இறக்க வேண்டும். நல்ல பல்லுக்கு நான் கையைத் தூக்கி உடனே இறக்கினேன். விரிசல் பல்லுக்குத் தூக்கிய கை இறங்கவே இல்லை. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கண்ணீரோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி விஷயமும் சொல்ல வேண்டும். கீழ்க் கடைவாயில் கடும் அழற்சி இருக்கும்போது வழக்கமான மரப்பு ஊசி பல சமயம் முழுதாகப் பிடிக்காது. உதடு மரக்கட்டையாகிவிடும், பல் மட்டும் உயிரோடு இருக்கும். அழற்சியில் நரம்பே மாறிப்போவதால் அப்படி. அது டாக்டரின் கைக்குறை இல்லை, உங்கள் மனோபயமும் இல்லை. ஆர்டிகேன் என்ற மருந்து, பல்லைச் சுற்றிய நாருக்குள் ஊசி, கடைசியில் கூழுக்குள்ளேயே ஊசி என்று வழிகள் இருக்கின்றன. கூழுக்குள் போடுவது ஒரு விநாடி உயிரை எடுக்கும், பிறகு நிசப்தம். சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன் இபுபுரூஃபன் போட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும் என்று ஆய்வுகள் உண்டு. உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் போடுங்கள். வலித்தால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள், நம் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பார்கள். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது எப்படித்தான் கடிக்கிறார்களோ.

பல் அக்கா | 8 செப்டம்பர், மதியம் 12.40

தனியாகச் சொல்ல வேண்டியது. தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம், மூச்சு முட்டுகிறது: இதில் எது வந்தாலும் பல் மருந்தக அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. மூச்சுத்திணறல் என்றால் 995. கீழ்ப்பல் தொற்று கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றாலும் அது பல்லாக இருக்காது, இதயத்தைப் பாருங்கள்.

பல் அக்கா | 9 செப்டம்பர், இரவு 10.15

காசு விஷயம். எல்லாரும் இதைத்தான் கேட்கிறீர்கள்.

குடிமக்கள் சாஸ் அட்டையை (கிளினிக் கட்டணத்துக்கு அரசு மானியம் தரும் அட்டை) எடுத்துப் பாருங்கள். நீலம், ஆரஞ்சு, மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைகளுக்கு வேர் சிகிச்சைக்கும் மானியம் உண்டு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்திலேயே. பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி ஊட்ரமில் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக நிலையத்துக்கோ போனால் மானியக் கட்டணம். காத்திருக்க வேண்டியிருக்கும், உள்ளே செத்த பல் காத்திருக்குமா என்பதுதான் கேள்வி. மெடிசேவ் (சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று பிடித்துச் சேர்க்கும் பணம்) அறுவை சிகிச்சைக்கு என்பதே அடிப்படை விதி. வழக்கமான வேர் சிகிச்சை அறுவையில் சேராது. விதிகளை அவ்வப்போது தளர்த்துகிறார்கள், முதியவர்கள் கவுன்டரில் கேட்டுப்பாருங்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. ஷிப்ட்கார தம்பி முதலில் கம்பெனியின் எச்ஆரைக் கேட்கட்டும், சில கம்பெனிகள் பல் செலவுக்கு ஒரு தொகை வைத்திருக்கும்.

பல் வைத்தியத்துக்கு மலேசியாவின் ஜொகூர் போகலாமா என்றால் போகலாம், அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேர் சிகிச்சை ஒரே தடவையில் முடியாமல் போகலாம். நடுவில் வீங்கினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லைக் கடற்பாலத்தின் நெரிசலில் நின்றுகொண்டு என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

பல் அக்கா | 9 செப்டம்பர், இரவு 11.55

படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. மேலே எழுதியதைப் படித்தால் பல்லைக் காப்பாற்றுவது ஒன்றே வழி என்று நான் சொல்வதுபோல இருக்கிறது. பிடுங்குவதும் சிகிச்சைதான். அழற்சியும் தொற்றும் அதோடு தீரும், செலவும் குறைவு. கடைவாய்க்கு வேர் சிகிச்சையும் அதன்மேல் கிரவுனும் (பல்லை மூடும் உறை) என்றால் தனியாரில் ஆயிரம் வெள்ளியைச் சாதாரணமாகத் தாண்டும். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவரிடம் போய் "இயற்கைப் பல்லுக்கு ஈடில்லை" என்று பேச எனக்கு வாய் வராது. மருந்தகத்தில் இருந்தபோது வந்தது, இப்போது வரவில்லை.

இடைவெளி விழுந்தால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் நீளும். தெரிந்து முடிவெடுத்தால் போதும். ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் இந்த மூன்றில் மோசமானது.

பல் அக்கா | 12 செப்டம்பர், காலை 7.35

"வேர் சிகிச்சை செய்தால் புற்றுநோய் வரும்" என்ற வாட்ஸ்அப் செய்தி இங்கேயும் வந்துவிட்டதா! நூறு வருடத்துக்கு முன் வேர் சிகிச்சை செய்த பல் உடம்புக்கு நோய் தரும் என்று வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பரப்பிய கருத்தின் கொள்ளுப்பேரன் அது. பின்னால் வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. அனுப்பியவருக்கு என் அன்பு, ஆனால் குடும்பக் குழுவில் வேண்டாம்.

பல் அக்கா | 13 செப்டம்பர், இரவு 9.05

குழாய்களைச் சுத்தம் செய்த பிறகு உள்ளே என்ன அடைக்கிறார்கள் என்று கேட்ட மாணவிக்கு. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விடை நம் ஊரிலிருந்து தொடங்குகிறது.

கட்டபெர்ச்சா. ஊசி மாதிரி மெல்லிய, இளஞ்சிவப்பு நிறக் குச்சிகள், டப்பாவில் அளவுவாரியாக அடுக்கி வைத்திருப்போம். மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் மரத்தின் பால் அது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகும். சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர், மரவெட்டி ஒருவரின் பாராங் கத்தியின் கைப்பிடி அந்தப் பாலில் செய்திருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டு, 1843இல் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். கடல்நீர் ஒன்றும் செய்யாது என்பதால் 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட தந்திக் கம்பிக்கு அதைத்தான் உறையாகப் போர்த்தினார்கள். அப்புறம் உலகம் முழுக்கக் கடலடிக் கம்பி, கால்ஃப் பந்து, அதற்காக லட்சக்கணக்கில் மரத்தை வெட்டித் தீர்த்தார்கள். 1867இல் பௌமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதை வேர்க்குழாய்க்குள் அடைத்தார். கம்பிக்கு பிளாஸ்டிக் வந்துவிட்டது, பல்லுக்கு இன்றும் அதுதான். இப்போதைய குச்சியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு, மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான்.

தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டேன். மட்டுறுத்துநர் மன்னிக்க.

பல் அக்கா | 16 செப்டம்பர், இரவு 10.30

ஷிப்ட்கார தம்பி பல் டாக்டரிடம் போய் வந்துவிட்டார், எனக்கு எழுதியிருக்கிறார். குளிர் ஸ்ப்ரேக்கு அந்தப் பல்லில் கையே தூக்கவில்லை. வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் தட்டியபோது துள்ளியிருக்கிறார். எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கறுப்பு நிழல், தொற்றின் அடையாளம். கம்பெனி பாதிச் செலவை ஏற்றதால் பல்லை வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறார்.

"திறந்ததும் ஒரு கெட்ட வாடை, அசிஸ்டென்ட் மூஞ்சியே மாறலை, எப்படி அக்கா?" என்று கேட்டிருக்கிறார். மாஸ்க் எதற்கு இருக்கிறது தம்பி. பல்கூழ் அறையின் கூரையை டிரில் தாண்டும்போது சத்தமே மாறும், எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். உயிருள்ள கூழ் என்றால் சிவப்பாக ரத்தம் பொங்கும். செத்தது என்றால் ரத்தமே இருக்காது, சில சமயம் மஞ்சளாக ஒரு சொட்டு எழும்பி வரும், பிறகு அந்த வாடை. அடுத்து நீச்சல்குள வாசனை வந்திருக்குமே, அது சோடியம் ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் மருந்தின் உறவு. கிருமியைக் கொன்று செத்த சதையைக் கரைக்கும். அது தொண்டைக்குப் போகக்கூடாது என்றுதான் பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டுவது. திரை மாட்டாமல் வேர் சிகிச்சை தொடங்கினால், ஏன் என்று கேளுங்கள்.

பல் அக்கா | 17 செப்டம்பர், காலை 8.00

4ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். "தேறாத ரகம்" என்றால் கூழ் முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்று தெம்பனிஸிலிருந்து எழுதும் அக்கா ஒருவர் புரிந்துகொண்டு மகளுக்காகப் பயந்துபோயிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுதான் வழக்கம். இப்போது, கூழில் இன்னும் உயிர் இருந்தால், அறையில் இருக்கும் கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, ரத்தம் நிற்கிறதா என்று பார்த்து, எம்டிஏ போன்ற சிமென்ட் வகை மருந்தால் மூடி வேர்ப்பகுதியை உயிரோடு விடுகிறார்கள். வளர்ந்த பல்லுக்கும் செய்கிறார்கள். வேர் இன்னும் முழுதாக வளராத பிள்ளைகளின் நிரந்தரப் பல்லுக்கு இது பெரிய வரம், கூழ் உயிரோடு இருந்தால்தான் வேர் வளர்ந்து முடியும். எல்லாப் பல்லுக்கும் ஒத்துவராது, திறந்து பார்த்துத்தான் சொல்வார்கள். கேளுங்கள், கேட்டால் தப்பில்லை.

ஷிப்ட்கார தம்பிக்கு இது பொருந்தாது. செத்ததை உயிர்ப்பிக்க மருந்து இல்லை.

பல் அக்கா | 24 செப்டம்பர், இரவு 9.40

தற்காலிக அடைப்பு, விமானப் பயணம், ஊரில் கிரவுன் என்று தம்பி கேட்ட கடைசிக் கேள்விகளுக்கு, வரிசையாக இல்லாமல்.

தற்காலிக அடைப்பு கொஞ்சம் தேய்வது சாதாரணம், பெயர்ந்து விழுந்தால் அன்றே போன் பண்ணுங்கள், எச்சில் உள்ளே போனால் கிருமியும் போகும். அந்தப் பக்கம் கடிக்காதீர்கள், பரோட்டாவாக இருந்தாலும். ஓரிரு நாள் கடித்தால் வலிப்பது இயல்பு, வீங்கினால் இயல்பில்லை. விமானத்தில் போகலாமா என்றால், குழாய் அடைத்து முடித்த பல் பெரும்பாலும் தொந்தரவு தராது. பாதியில் நிற்கும் பல்தான் மேலே அழுத்தம் மாறும்போது வம்பு பண்ணும். அதனால் தீபாவளிக்கு முன் அடைத்து முடிக்கும்படி தேதி வாங்குங்கள், ஷிப்ட் மாற்றக் கடிதம் கிடைக்குமா என்றும் மருந்தகத்தில் கேளுங்கள்.

கிரவுனை ஊரில் போட்டுக்கொள்ளலாம், அது நல்ல யோசனை. கடைசி எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். ஊரில் தங்கும் நாட்களுக்குள் அளவு எடுத்து மாட்டி முடியுமா என்று இப்போதே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். கிரவுன் இல்லாமல் திரும்பி வந்துவிட்டு, என்னைப்போல முறுக்கு கடித்துப் பல் இரண்டாகப் பிளந்தது என்று இங்கே எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.